டாக்டரிடம் சொல்லாமல் விட்ட மாத்திரை

மருந்தும் நீங்களும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளைப் பற்றி நாலு வரிதான் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: “கூடவே மூலிகை மாத்திரை சாப்பிடலாமா?” அந்த மாத்திரைகளில் ஒன்றான வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு வருகிற பிரிவில் 22 ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்தவள் நான். அங்கே வராத கேள்வி இது. அங்கே நாங்கள் கேட்போம், வந்தவர்கள் “வேற ஒண்ணும் சாப்பிடல” என்பார்கள். கடிதத்திலாவது மனம் திறந்து கேட்டிருக்கிறீர்கள். இந்த இதழ் முழுவதும் இதற்கே.

கேள்வி: எனக்கு வயது 67. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததால் மூன்று வருடமாக வார்ஃபரின் சாப்பிடுகிறேன். ரத்தம் உறைவதைப் பார்க்கும் பரிசோதனையில் ஐ.என்.ஆர். எப்போதும் 2.3, 2.5 என்றுதான் வரும். மூட்டு வலிக்காக என் மகள் மஞ்சள் சத்து மாத்திரை வாங்கி வந்திருக்கிறாள், அதில் மிளகுச் சத்தும் உண்டாம். சமையலில் போடுகிற மஞ்சள்தானே, இதில் என்ன பயம் என்கிறாள். சாப்பிடலாமா?

வேண்டாம் அம்மா. புட்டியைத் திறந்துவிட்டீர்கள் என்றால் இன்றோடு மூடிவிட்டு, உங்கள் டாக்டருக்குச் சொல்லி ஒரு ஐ.என்.ஆர். பாருங்கள்.

உங்கள் மகள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சமையலில் சேரும் மஞ்சள் வேறு, இந்த மாத்திரை வேறு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். மஞ்சள் தூளில் குர்குமின் என்ற சத்து நூற்றுக்குச் சுமார் 3 பங்குதான் இருக்கும். 500 மில்லிகிராம் மாத்திரை, அதில் 95 சதவீதம் குர்குமின் என்று புட்டியில் போட்டிருந்தால், ஒரே மாத்திரையில் ஏறக்குறைய 15 கிராம் மஞ்சள் தூளின் சத்து இருக்கிறது. ஐந்து டீஸ்பூன் தூள்! ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரை என்றால் பத்து டீஸ்பூன். எந்தச் சமையலிலும் ஒருவர் தட்டுக்கு இவ்வளவு வராது.

அடுத்தது மிளகு. குர்குமினைத் தனியாக விழுங்கினால் உடம்பு அதில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும். அப்படித் தள்ளவிடாமல் தடுப்பதற்குத்தான் மிளகிலிருந்து எடுத்த பைப்பரினைச் சேர்க்கிறார்கள். 1998-ல் வெளிவந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த குர்குமின் சுமார் 20 மடங்கு கூடியது. விற்பவர்கள் இதைப் பெருமையாகப் போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு இதுதான் பயம். பைப்பரினுக்கு எது குர்குமின், எது வார்ஃபரின் என்று தெரியாது. மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரலின் வேலையிலேயே அது கைவைக்கிறது.

வார்ஃபரின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் என் பயம் உங்களுக்கும் புரியும். “ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை” என்கிறோம். உண்மையில் ரத்தம் நீர்த்துப் போவதில்லை, உறைய எடுக்கும் நேரம்தான் நீள்கிறது. உறைவதற்கு வேண்டிய சில புரதங்களைக் கல்லீரல் செய்கிறது. அதைச் செய்ய வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமின் கே-யை உடம்பு புதுப்பித்துத் திரும்பப் பயன்படுத்தும். அந்தப் புதுப்பித்தலைத் தடுப்பதுதான் வார்ஃபரின். எவ்வளவு தடுத்திருக்கிறது என்று பார்க்கும் அளவுதான் ஐ.என்.ஆர். மாத்திரை சாப்பிடாதவருக்கு அது 1 அளவில் இருக்கும். உங்களுக்கு 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். 2-க்குக் கீழே போனால் இதயத்தில் ரத்தம் கட்டியாக உறைந்து, மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். 4, 5 என்று ஏறினால் உள்ளே எங்காவது ரத்தம் கசியலாம். இவ்வளவு ஒடுங்கிய வரப்பில் நீங்கள் மூன்று வருடமாகத் தவறி விழாமல் நடந்து வந்திருக்கிறீர்கள். அது சாதாரண விஷயம் இல்லை.

நியூசிலாந்தில் ஒருவர் உங்களைப் போலவே ஐ.என்.ஆர். சீராக வைத்திருந்தவர். மஞ்சள் சேர்ந்த ஒரு மூலிகைத் தயாரிப்பைத் தொடங்கிய சில வாரங்களில் அவருடைய ஐ.என்.ஆர். 10-ஐத் தாண்டியது. 2018-ல் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை வெளியிட்டு எல்லோரையும் எச்சரித்தது. மஞ்சள் மாத்திரை சாப்பிடுகிற எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. சமையலில் வழக்கமாகப் போடுகிற மஞ்சளை நிறுத்த வேண்டியதில்லை.

மூட்டு வலி உண்மைதானே, அதற்கு என்ன வழி? இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக வாங்காதீர்கள். வார்ஃபரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். பாராசிட்டமால் அவற்றைவிடப் பாதுகாப்பு. ஆனால் அதையும் நாளுக்கு 2 கிராம், அதற்கு மேல் என்று பல நாள் தொடர்ந்தால் ஐ.என்.ஆர். ஏறும். ஆகவே டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, பலருக்குத் தெரியாது. மெத்தில் சாலிசிலேட் கலந்த வலித் தைலங்களைப் பெரிய பரப்பில் அடிக்கடி தேய்த்தவர்களுக்கும் ஐ.என்.ஆர். ஏறியிருக்கிறது. தோல் வழியாகவும் மருந்து உள்ளே போகும்.

கேள்வி: ரத்தம் உறையாமல் இருக்க நான் சாப்பிடுவது அபிக்ஸபான். மாதா மாதம் ரத்தம் எடுக்க வேண்டாம், சாப்பாட்டுக் கட்டுப்பாடு இல்லை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அப்படியானால் மூலிகைக் கட்டுப்பாடும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? மனச்சோர்வுக்கு செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை நல்லது என்று படித்தேன்.

எடுத்துக்கொள்ளக் கூடாது. சாப்பாட்டுக் கட்டுப்பாடு இல்லை என்றது உண்மை. அபிக்ஸபானுக்கும் வைட்டமின் கே-க்கும் சம்பந்தமில்லை. ஆனால் நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டிருக்கும் அந்த ஒரு மூலிகைதான் எல்லா மூலிகைகளிலும் எனக்கு அதிகம் பயம் தருவது.

மஞ்சள் மாத்திரை விஷயத்தில் ரத்தம் அதிகம் கசியுமோ என்று பயந்தோம். இங்கே பயம் நேர் எதிர்ப்பக்கம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் கல்லீரலையும் குடலையும் முடுக்கிவிட்டு, மருந்தை வேகவேகமாக வெளியேற்ற வைக்கும். நீங்கள் தவறாமல் இரண்டு வேளையும் மாத்திரை போடுவீர்கள், ரத்தத்தில் போதுமான மருந்து இருக்காது. அபிக்ஸபான், ரிவராக்ஸபான், டாபிகட்ரான், வார்ஃபரின் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இதய மாற்று அறுவை செய்துகொண்ட இருவர் இந்த மூலிகையைச் சாப்பிட்டு, உடம்பு புது இதயத்தை ஏற்பதற்காகத் தந்த மருந்தின் அளவு ரத்தத்தில் குறைந்து, இதயத்தையே உடம்பு எதிர்க்கத் தொடங்கியது 2000-ல் பதிவாகியிருக்கிறது. அவ்வளவு வலு உள்ளது.

வார்ஃபரின் என்றால் அடுத்த பரிசோதனையில் ஐ.என்.ஆர். இறங்கியது தெரியும். உங்களுக்கு அந்தப் பரிசோதனையே இல்லை. மருந்து குறைந்துபோனது, கட்டி உறைந்த பிறகுதான் தெரியவரும். வசதி என்று சொன்னார்களே, அந்த வசதியின் மறுபக்கம் இது. ஏற்கெனவே தொடங்கியிருந்தால் டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேகம் அடங்காது.

மனச்சோர்வு என்று எழுதியிருக்கிறீர்கள், அதைக் கடந்துபோக எனக்கு மனமில்லை. அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைகளிலும் சில ரத்தக்கசிவைக் கொஞ்சம் கூட்டும், சில அவ்வளவாகக் கூட்டாது. பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். பேசித் தீர்க்கும் சிகிச்சையும் இருக்கிறது, அதற்கு எந்த மருந்தோடும் மோதல் கிடையாது.

கேள்வி: வார்ஃபரினே ஒரு செடியிலிருந்து வந்தது, எலி விஷமாக விற்றது என்கிறார்கள். அந்த விஷத்துக்குப் பதில் பூண்டு மாத்திரையே சாப்பிட்டுக்கொண்டால் என்ன? அதுவும் ரத்தத்தை இளக்கும் அல்லவா?

நீங்கள் கேட்டது இரண்டும் சரி, எடுத்த முடிவுதான் தவறு. 1920-களில் வட அமெரிக்காவில் மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. தின்றது ஸ்வீட் குளோவர் என்ற தீவனச் செடி. பச்சையாகத் தின்ற மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதைக் காயவைத்து, ஈரத்தில் பூசணம் பிடித்துப்போனதைத் தின்ற மாடுகள்தான் செத்தன. 1933-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு விவசாயி, செத்த பசுவையும் உறையாத ரத்தம் நிறைந்த பால் கேனையும் பனியில் வண்டியோட்டிக் கொண்டுவந்து கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் வைத்தார். பூசணம், அந்தச் செடியில் இயல்பாக உள்ள கூமரின் என்ற பொருளை, ரத்தம் உறையவிடாத டைகூமரால் என்ற வேறொரு பொருளாக மாற்றியிருந்தது. அதைப் பிரித்தெடுக்கவே 1939 ஆகிவிட்டது. அந்த வழியில் செய்ததுதான் வார்ஃபரின். 1948-ல் எலி மருந்தாக வந்தது, 1954-ல் மனிதர்களுக்குத் தர அனுமதி கிடைத்தது.

அதே செடி ஒரு மாட்டுக்குத் தீவனம், இன்னொரு மாட்டுக்கு எமன். நடுவில் இருந்தது கொஞ்சம் ஈரம், கொஞ்சம் பூசணம். செடியில் மருந்து இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. எவ்வளவு இருக்கிறது என்பதுதான் ஒவ்வொரு அறுவடைக்கும், ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும். வார்ஃபரின் மாத்திரையில் 1 மில்லிகிராம் என்றால் 1 மில்லிகிராம். அரை மில்லிகிராம் கூட்டிக் குறைத்து ஐ.என்.ஆரைப் பிடித்து வைக்கிற எங்களுக்கு அந்த நிச்சயம் வேண்டும்.

பூண்டு ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் கொஞ்சம் தடுக்கும். இதயத்துக்குள் உறையும் கட்டியையோ காலில் உறையும் கட்டியையோ தடுக்க அது போதாது. நீங்கள் வார்ஃபரினை நிறுத்திவிட்டுப் பூண்டு மாத்திரைக்கு மாறினால், மருந்தே சாப்பிடாதவருக்குச் சமம். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் உறையும் புரதம் ஒருபக்கம் குறையும், தட்டணு இன்னொரு பக்கம் வேலை செய்யாது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனியுங்கள்: ஐ.என்.ஆர். புரதங்களை மட்டும்தான் அளக்கும், தட்டணுவைப் பார்க்காது. பூண்டு மாத்திரை, ஜிங்கோ என்ற மூலிகை போன்றவற்றைச் சாப்பிட்டு “ஐ.என்.ஆர். நார்மலாத்தானே இருக்கு” என்று நிம்மதியாக இருந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணுக்கு இது தெரியாது.

கேள்வி: அம்மாவுக்கு வயது 74, வார்ஃபரின் சாப்பிடுகிறார். ஒரு வருடமாக யாருக்கும் சொல்லாமல் ஜின்செங் என்ற மூலிகை மாத்திரை சாப்பிட்டு வந்தது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. டாக்டர் திட்டுவார், சொல்லாதே என்று கையைப் பிடித்துக்கொள்கிறார். அந்த மாத்திரையை நானே எடுத்துத் தூக்கிப்போட்டுவிடலாமா?

தூக்கிப்போடாதீர்கள். இன்றைக்கு மட்டும் பொறுத்துக்கொண்டு நான் சொல்வதைக் கேளுங்கள்.

என் அப்பாவுக்குச் செயற்கை இதய வால்வு. அவருக்கு ஐ.என்.ஆர். 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். மகள் மருந்தாளுநர், மாத்திரை டப்பாவில் காலை மாலை நானே எண்ணி வைப்பேன். ஒரு தடவை ஐ.என்.ஆர். 1.6-க்கு இறங்கியது. டாக்டர் அளவைக் கூட்டினார். திரும்பவும் போதவில்லை, இன்னும் கூட்டினார். பிறகு 2.8-ல் நின்றது. ஒரு மாதம் கழித்து ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு என்னை எழுப்பினார். தலையணை, சட்டை எல்லாம் ரத்தம். மூக்கிலிருந்து வந்தது நிற்கவே இல்லை. ஐ.என்.ஆர். 7.4.

நடந்தது இதுதான். தெம்புக்கு நல்லது என்று நண்பர் ஒருவர் கொடுத்த பச்சை இலைப் பொடியை அப்பா தினமும் கலக்கிக் குடித்திருக்கிறார். அதில் வைட்டமின் கே நிறைய. வார்ஃபரின் வேலை செய்யாமல் போனது அதனால்தான். அந்தப் பொடிக்கு ஈடுகொடுக்கத்தான் டாக்டர் அளவைக் கூட்டியிருக்கிறார், அது அவருக்கே தெரியாது. பொடி தீர்ந்ததும் அப்பா குடிப்பதை நிறுத்திவிட்டார். கூட்டிய வார்ஃபரின் அப்படியே நின்றது. நான் மாத்திரை டப்பாவை மட்டும் பார்த்தேன். சமையலறை அலமாரியில் இருந்த பொடியைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, “அது மருந்து இல்லையேம்மா” என்றார். அவர் பிழைத்தார். ஆனால் அந்தத் தலையணை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

உங்கள் அம்மா நிலைமையும் அப்படியே. 2004-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான 20 பேரை வைத்துப் பார்த்தபோது, அமெரிக்க ஜின்செங் இரண்டு வாரத்திலேயே வார்ஃபரினின் வேலையைக் குறைத்தது. உங்கள் அம்மாவின் இப்போதைய வார்ஃபரின் அளவு, ஜின்செங்கையும் சேர்த்து வைத்த அளவாக இருக்கலாம். நீங்கள் புட்டியைத் தூக்கிப்போட்டால் அடுத்த சில நாட்களில் ஐ.என்.ஆர். மேலே போகலாம். தொடங்குவதைப் போலவே நிறுத்துவதும் ஆபத்து.

நாளைக்கே டாக்டருக்குப் போன் செய்து, எவ்வளவு, எத்தனை மாதம் என்று சொல்லுங்கள். ஐ.என்.ஆர். பார்த்து, நிறுத்தும் நாளை அவரே குறித்துத் தருவார். நிறுத்திய பின் ஐந்தாறு நாளில் ஒருமுறை, அடுத்த வாரம் இன்னொரு முறை பார்க்கச் சொல்வார் என்று நினைக்கிறேன். அம்மாவிடம், “இது தெரியாமல் டாக்டர் அளவை மாற்றினால்தான் ஆபத்து” என்று சொல்லுங்கள். பேச்சாகச் சொல்லத் தயங்கினால் ஒரு வேலை செய்யலாம். வீட்டில் இருக்கும் மாத்திரை, பொடி, கஷாயம், தைலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வைத்துவிடுங்கள். எங்கள் பிரிவில் நான் இதைத்தான் வழக்கமாக்கினேன். “வேற என்ன சாப்பிடுறீங்க” என்று கேட்டால் வராத பதில் பையிலிருந்து வரும்.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. திட்டுகிற டாக்டரிடம் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். அந்த அம்மா ஒரு வருடம் மறைத்ததில் நம் பங்கும் இருக்கிறது.

கேள்வி: அடுத்த மாதம் பல் பிடுங்க வேண்டும். மூலிகை மாத்திரைகளை எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும்? ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடவா?

மூலிகைகளை இரண்டு வாரம் முன்பே நிறுத்துவது பொதுவான வழக்கம். வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்றால், மேலே சொன்னபடி, அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். முக்கிய மாத்திரையை நீங்களாகத் தொடவே தொடாதீர்கள். சாதாரணப் பல் பிடுங்கலுக்குப் பெரும்பாலும் அதை நிறுத்துவதே இல்லை. பல் டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும்.

கேள்வி: வார்ஃபரின் சாப்பிட்டால் கீரையே தொடக்கூடாதா?

தொடலாம். ஒரு வாரம் நிறைய, அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவதுதான் சிக்கல். ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டு வந்தால் அதற்கேற்ப மருந்தை வைத்துக்கொள்ளலாம். காய்ந்த இலையை அரைத்த பொடிகளும் பச்சைச் சத்து மாத்திரைகளும் வேறு கதை. என் அப்பா கதையைப் படித்துவிட்டீர்கள்.

கேள்வி: எனக்கு வயது 58. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆகிறது. அது அடைக்காமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடுகிறேன். இரண்டு மாதமாக மூட்டு வலிக்கு ஒரு மூலிகை மாத்திரை. நல்ல குணம், மூன்றே நாளில் வலி போய்விட்டது. நான்கு நாளாக மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது. மூலிகை உடம்புச் சூட்டை வெளியேற்றுகிறதா?

இந்தக் கடிதத்துக்கு இதழில் பதில் எழுதும்வரை காத்திருக்கவில்லை. கீழே தொலைபேசி எண் இருந்ததால் படித்த அன்றே கூப்பிட்டுப் பேசினேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

தார் மாதிரிக் கறுத்த மலம் என்றால் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று எடுத்துக்கொண்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சிவந்த சிறுநீர், பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காத மூக்கு ரத்தம், காபித் தூள் போன்ற வாந்தி, திடீரென்று வரும் கடுமையான தலைவலி, இவற்றுக்கும் அப்படியே. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும்.

மூன்றே நாளில் மூட்டு வலி மறைந்தது என்று படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. மூட்டு வலிக்கான “மூலிகை” மாத்திரைகள் சிலவற்றில் டைக்ளோஃபெனாக், டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு போன்ற மருந்துகளைப் புட்டியில் எழுதாமல் கலந்திருப்பதைப் பல நாட்டு அதிகாரிகள் பரிசோதனையில் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டோடு டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்தால் வயிறு தாங்காது. டெக்ஸாமெதசோன் இருந்திருந்தால், இரண்டு மாதம் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. ஆகவே சிகிச்சை தருகிறவருக்கு அது தெரிந்தாக வேண்டும். அதைவிட எனக்குப் பயம், இவர் ரத்தத்தைப் பார்த்துப் பயந்து ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் தானாக நிறுத்திவிடுவாரோ என்பது. எட்டு மாத ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் மாரடைப்பு. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

போனை எடுத்தது அவர் மனைவி. இரண்டு புட்டியையும் மூலிகை மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, அவரைத் தனியாக நடக்கவிடாமல் வண்டி பிடித்துப் போகச் சொன்னேன். “அதையுமா எடுத்துட்டுப் போகணும்?” என்று கேட்டார். அதைத்தான் முதலில் காட்டச் சொன்னேன்.